வரைபடத்துக்குப் பின்னால் உள்ள இருபது வரிகள்

(அறிவியல், பொறியியல் ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் கணினியில் சிமுலேஷன் ஓட்டுகிறவர்கள். காற்று எப்படிப் பாய்கிறது, புரதம் எப்படி மடிகிறது, உலோகம் எங்கே விரிசல் விடுகிறது என்று ஆளுக்கொரு கேள்வி. கேள்வி எதுவானாலும் வேலை நடக்கிற விதம் ஒன்றுதான். மாலையில் ஜாப் போட்டுவிட்டுப் போகிறீர்கள். அது இரண்டு நாளோ ஒரு வாரமோ ஓடுகிறது. ஓடும்போது எட்டிப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட்; முடிந்தபின் படம் போட இன்னொரு சின்ன ஸ்கிரிப்ட். அந்த இரண்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஆய்வேட்டில் சால்வரின் பெயர் இருக்கும், பதிப்பு எண் இருக்கும், கிளஸ்டரில் எத்தனை கோர் எடுத்தீர்கள் என்பதுகூட இருக்கும். இந்தச் சின்ன ஸ்கிரிப்டுகள் மட்டும் எங்கும் இருக்காது. ஆனால் வழிகாட்டி பார்ப்பதும், தேர்வாளர் பார்ப்பதும், நாளை உங்கள் கட்டுரையை நம்பி இன்னொருவர் எடுத்துக்கொள்வதும் அந்த ஸ்கிரிப்ட் காட்டிய படத்தைத்தான். அளவெடுக்கும் கருவியின் ஒரு பாகம் அது. கருவியின் ஒரு பாகத்தை மட்டும் மூடி வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

பொதுப்படையாகச் சொன்னால் இது பிடிபடாது. ஓப்பன்ஃபோமை எடுத்துக்கொள்கிறேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்து, 2004 டிசம்பரில் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பாய்ம இயக்கவியல் மென்பொருள். அது ஓடும்போது ஒவ்வொரு நேரப்படிக்கும் ஒரு கொத்து வரிகளை லாக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நேரம் ஒரு வரி. கூரான்ட் எண் ஒரு வரி: சராசரி இவ்வளவு, உச்சம் இவ்வளவு. பிறகு திசைவேகத்தின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு வரி: தீர்க்கத் தொடங்கும்போது ரெசிட்யுவல், அதாவது சமன்பாட்டில் மிஞ்சும் பிழை, எவ்வளவு, நிறுத்தும்போது எவ்வளவு, நடுவில் எத்தனை சுற்று. அடுத்து அழுத்தம். அடுத்து தொடர்ச்சிப் பிழை. கடைசியில் இதுவரை செலவான நேரம். ஒரு படிக்குப் பத்து வரி என்று வைத்தாலும், ஒரு லட்சம் படி போனால் பத்து லட்சம் வரி. கண்ணால் படித்து முடிகிற காரியமல்ல.

அதனால் ஸ்கிரிப்ட் எழுதுகிறோம். 1977ல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதிய ஆக், 1986ல் தாமஸ் வில்லியம்ஸும் காலின் கெல்லியும் எழுதிய க்னுபிளாட். இந்த இரண்டும் இன்றைக்கும் இந்த வேலைக்குப் போதும். 'அழுத்தம்' வருகிற வரியைப் பிடி, அதிலிருந்து ரெசிட்யுவல் எண்ணை உருவு, ஒட்டியிருக்கும் காற்புள்ளியைக் கழற்று, கோப்பில் போடு, வரை. இருபது வரிக்குள் முடிந்துவிடும். அரை மணி நேர வேலை என்பதால்தான் யாரும் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன நடக்கலாம் என்று பாருங்கள். பைசோ என்ற தீர்வு முறையில் ஒரே நேரப்படிக்குள் அழுத்தத்தை இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை திருத்தித் தீர்ப்பார்கள். ஆகவே லாக்கில் அழுத்த வரி ஒரு படிக்கு இரண்டு தடவை வரும். கண்ணில் பட்ட எல்லா வரிகளையும் எடுத்து வரிசை எண் போட்டு வரைந்தால், கிடை அச்சு இரு மடங்காக நீண்டு, கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். அது பார்த்த உடனே உறுத்தும், திருத்திவிடுவீர்கள். ஆபத்து அதில் இல்லை. இன்னொருவர், ஒரு படிக்கு ஒரு புள்ளி போதும் என்று கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இரண்டாவது திருத்தம் தொடங்கும்போது ரெசிட்யுவல் பெரும்பாலும் முதல் திருத்தத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கோடு வழவழவென்று கீழே இறங்கும். ஒரு பிழைச்செய்தியும் வராது. சிமுலேஷன் உள்ளபடி இருப்பதைவிட ஒழுங்காக ஓடுவதாகப் படம் சொல்லும். ஓப்பன்ஃபோமோடு கூடவே வருகிற ஃபோம்லாக் என்ற ஸ்கிரிப்ட் இவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து, பூஜ்யம், ஒன்று என்று பெயருக்குப் பின்னால் எண் போட்டு வைக்கிறது. அதை எழுதியவர்களுக்கு இந்தக் குழி தெரிந்திருக்கிறது. அதைப் பகிர்ந்ததால் அடுத்தவர் விழாமல் தப்பிக்கிறார்.

இன்னொரு குழி மடக்கை அச்சு. ரெசிட்யுவல் பல அடுக்குகள் இறங்கும் என்பதால் நிலை அச்சை மடக்கை அளவில் வைப்பது வழக்கம். ரெசிட்யுவலுக்கு அது சரி. அதே ஸ்கிரிப்டில் தொடர்ச்சிப் பிழையின் மொத்தத்தையும் சேர்த்து வரைந்தால் என்ன ஆகும்? அந்த எண் எதிர்மறையாகவும் வரும். எதிர்மறை எண்ணுக்கு மடக்கை இல்லை. க்னுபிளாட் அந்தப் புள்ளிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பாதிப் புள்ளிகள் காணாமல் போன படத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். ஆக் மொழியிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. சிமுலேஷன் டைவர்ஜ் ஆகி, எண்ணுக்குப் பதில் 'எண் அல்ல' என்னும் குறி லாக்கில் விழுந்தால், அதைக் கணக்கில் சேர்க்கும்போது சில ஆக் பதிப்புகள் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பிழை பூஜ்யம் என்பதற்கு நம் துறையில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவதாக, நின்று போன ஜாபை விட்ட இடத்திலிருந்து தொடர்வது. உதாரணத்துக்கு, ஒரு காரின் மேல் காற்று தரும் இழுவிசைக் கெழுவை ஓப்பன்ஃபோம் தனிக் கோப்பில் எழுதித் தரும். அந்தக் கோப்பு, ஓட்டம் எந்த நேரத்தில் தொடங்கியதோ அந்த எண்ணைப் பெயராகக் கொண்ட அடைவுக்குள் இருக்கும். ஐந்நூறாவது சுற்றிலிருந்து மறுபடி தொடங்கினால், 500 என்று புதிய அடைவு முளைக்கும். பூஜ்யம் என்ற அடைவை மட்டும் படிக்கும்படி எழுதிய ஸ்கிரிப்ட் பழைய கோட்டையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கும். "நிலைத்துவிட்டது சார், மாறவே இல்லை" என்று மாணவர் சொல்வார். மாறாதது படம்தான். இழுவிசை அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ரெசிட்யுவல் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது என்பதை வைத்துக்கொண்டு மட்டும் முடிவு சொல்லக்கூடாது, நமக்கு வேண்டிய இயற்பியல் அளவையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அந்த அளவைச் சரியான கோப்பிலிருந்து எடுத்தோமா என்பதைப் பாடநூல் சொல்லித்தர முடியாது. அதைப் பக்கத்து மேசைக்காரர்தான் சொல்ல முடியும், உங்கள் ஸ்கிரிப்டை அவர் பார்த்திருந்தால்.

நான் சொன்னவற்றில் எதுவும் சால்வரின் பிழை அல்ல. சால்வரை ஆயிரம் பேர் சோதித்திருக்கிறார்கள். சோதிக்கப்படாதது நம்முடைய இருபது வரி.

இந்த இருபது வரியின் வரலாறும் நம் துறையின் வரலாறும் ஒன்றாகவே தொடங்குகின்றன. 1961ல் எம்ஐடியில் எட்வர்ட் லோரன்ஸ் வானிலைச் சமன்பாடுகளை ராயல் மெக்பீ எல்ஜிபி-30 என்ற கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தார். திரை கிடையாது. அச்சுப்பொறி எண்களைத்தான் வரிசை வரிசையாக அடித்துத் தள்ளும். எண்களைப் பார்த்து அலையின் வடிவத்தை மனதில் கட்டுவது சிரமம். அதனால் மதிப்புக்கு ஏற்ற அளவு வெற்றிடம் விட்டு, பிறகு ஓர் எழுத்தை அடிக்கும்படி செய்தார். வரிக்கு வரி அந்த எழுத்து இடமும் வலமும் நகர, தாளின் நீளத்துக்கு ஒரு வளைகோடு உருவாகும். சிமுலேஷனைக் கண்காணிக்க எழுதிய வரைபட ஸ்கிரிப்டின் முன்னோடிகளில் இதையும் சேர்க்கலாம். பழைய ஓட்டம் ஒன்றை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட நினைத்தவர், அச்சுத்தாளில் இருந்த எண்ணை உள்ளிட்டார். கணினியின் நினைவகத்தில் 0.506127, தாளில் இடம் மிச்சம் பிடிக்க 0.506. திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு ஓட்டங்களும் கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய், பிறகு முற்றிலும் பிரிந்திருந்தன. கேயாஸ் கோட்பாட்டின் தொடக்கம் இப்படித்தான் நடந்தது. எத்தனை தசம இடங்களை அச்சிடுவது என்று வெளியீட்டு வரியில் எடுத்த ஒரு சிறு முடிவு, அறிவியலின் ஒரு கிளைக்கு வாசல் திறந்தது.

அந்தக் கணினிக்கு முதலில் நிரல் எழுதி உதவியவர் மார்கரெட் ஹாமில்டன். பின்னாளில் அப்போலோ விண்கலத்தின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவருக்குப் பிறகு வந்தவர் எல்லன் ஃபெட்டர். 1963ல் வந்த லோரன்ஸின் புகழ்பெற்ற கட்டுரையில் உள்ள கணக்கீடுகளையும் வரைபடங்களையும் தயாரித்தவர் அவர். கட்டுரையின் இறுதியில் லோரன்ஸ் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். ஆசிரியர் பட்டியலில் அவர் இல்லை.

இனி, நம் காலத்தில் நடந்த ஒன்று. சிமுலேஷன் ஸ்கிரிப்டைப் பகிர்வது பற்றி யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 2014ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து பேட்ரிக் வில்லோபி, தாமஸ் ஹோய் குழுவினர் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் ஒரு வழிகாட்டிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மூலக்கூற்றின் அமைப்பை உறுதிசெய்ய, அதன் என்எம்ஆர் நிறமாலை எப்படி இருக்கும் என்று குவாண்டம் வேதியியல் மென்பொருளில் கணக்கிட்டு, ஆய்வகத்தில் கிடைத்ததோடு ஒப்பிடுவது எப்படி என்பதே அதன் பொருள். மூலக்கூறு பல வடிவங்களில் மடங்கி நிற்கும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆற்றல் ஒரு கோப்பில், என்எம்ஆர் எண்கள் இன்னொரு கோப்பில். இவற்றைச் சேர்த்து, ஆற்றலுக்கு ஏற்ற எடை கொடுத்து, சராசரி எடுக்க வேண்டும். கையால் செய்தால் நாள் முழுக்க ஓடிவிடும். அதற்கென்று பைத்தானில் சின்ன ஸ்கிரிப்டுகள் எழுதி, கட்டுரையோடு சேர்த்தே வெளியிட்டார்கள். நல்ல மனதோடு செய்த காரியம். உலகம் முழுக்க வேதியியலாளர்கள் அவற்றை எடுத்துப் பயன்படுத்தினார்கள்; நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அந்த வழிகாட்டியை மேற்கோள் காட்டின.

2019ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நீலப்பச்சைப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு குழு அதே ஸ்கிரிப்டை ஓட்டியது. பேராசிரியர்கள் பிலிப் வில்லியம்ஸ், ரூய் சன் ஆகியோருடன் யுஹெங் லுவோ என்ற ஆய்வு மாணவர். ஒரே உள்ளீட்டுக்குக் கணினிக்குக் கணினி வேறு விடை வருவதை அவர்கள் கவனித்தார்கள். மேக்கின் மேவரிக்ஸ் பதிப்பிலும் விண்டோஸ் 10லும் 173.2. உபுண்டு 16ல் 172.4. மேக்கின் மொஹாவி பதிப்பில் 172.7. காரணம் வேதியியலில் இல்லை. அடைவில் உள்ள கோப்புகளின் பெயர்களைத் திரட்ட பைத்தானில் உள்ள குளோப் என்ற கருவி, அவற்றை எந்த வரிசையில் தரும் என்று உறுதி எதுவும் தருவதில்லை. அது இயங்குதளத்தைப் பொறுத்தது. எழுதியவர்களின் கணினியில் பெயர்கள் அகர வரிசையில் வந்தன. வேறு கணினியில் வரிசை கலைந்தது. ஒரு வடிவத்தின் ஆற்றல் இன்னொரு வடிவத்தின் என்எம்ஆர் எண்ணோடு ஜோடி சேர்ந்தது. சராசரி தவறியது. பிழைச்செய்தி ஏதும் இல்லை. விடையும் நம்பும்படியாகவே இருந்தது. 173க்கும் 172க்கும் இடையே யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும் இரண்டு அமைப்புகளில் எது சரி என்று தீர்மானிக்கும்போது அந்த ஒரு புள்ளிதான் தீர்ப்பு. பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தும் ஒரே ஒரு வரியைச் சேர்த்ததும் எல்லாக் கணினியிலும் விடை ஒன்றானது.

இதைக் கேட்டதும் சிலர், "பார்த்தீர்களா, ஸ்கிரிப்டைப் பகிர்ந்ததால் தவறு ஊரெல்லாம் பரவியது" என்பார்கள். நான் அதை நேர்மாறாகப் பார்க்கிறேன். அந்தச் சராசரியைக் கணக்கிடும் ஸ்கிரிப்டை ஒவ்வோர் ஆய்வகமும் தானே எழுதி, தன் கணினிக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஆளுக்கொரு தவறு, ஆளுக்கொரு விடை. எவருடையது எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க வழியே இருந்திருக்காது. ஸ்கிரிப்ட் வெளியே இருந்ததால்தான் ஹவாயில் ஒரு மாணவர் அதைத் திறந்து வரி வரியாகப் படிக்க முடிந்தது. கண்டுபிடிக்க ஐந்து ஆண்டுகள் ஆனது உண்மை. கண்டுபிடித்த அன்றே எல்லோருக்கும் திருத்தம் கிடைத்ததும் உண்மை. யார் யாருடைய முடிவுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்ற பட்டியல்கூட, மேற்கோள்களின் வடிவில், தயாராக இருந்தது. வில்லோபி கோபப்படவில்லை, குறையைக் கண்டுபிடித்தவர்களுக்கு வெளிப்படையாக நன்றி சொன்னார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் அது.

நம்மிடையே ஏன் தயக்கம்? மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். முதலில் வரும் பதில், "அசிங்கமா எழுதியிருக்கேன் சார், வெளியே காட்ட முடியாது." என் ஹோம் அடைவின் பாதை உள்ளேயே இருக்கிறது, மாறிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர், பாதி வரி வேலை செய்யாமல் கிடக்கிறது. இருக்கட்டும். ஆய்வு முடிவு அந்த அசிங்கமான வரிகள் வழியாகத்தான் வந்தது. ஆகவே அவற்றைத்தான் பார்க்க வேண்டும். அழகுபடுத்திவிட்டுத் தருகிறேன் என்று எடுத்து வைத்த ஸ்கிரிப்ட் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. இன்னும் சிலர், கொடுத்துவிட்டால் சந்தேகம் கேட்டு நச்சரிப்பார்கள் என்று அஞ்சுகிறார்கள். இதில் நியாயம் உண்டு. பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான் இல்லை, இருப்பது இவ்வளவுதான் என்று முதல் வரியிலேயே எழுதிவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஓர் ஆய்வகத்தில் நான் நேரில் பார்த்தது இது. முனைவர் பட்டம் முடித்த மாணவி வெளிநாடு போனார். அவருடைய மடிக்கணினியோடு வரைபட ஸ்கிரிப்டுகளும் போயின. நூற்றுக்கணக்கான ஜிபி சிமுலேஷன் தரவு சர்வரில் பத்திரமாக இருந்தது. அடுத்து வந்த மாணவர் அதே தரவிலிருந்து அதே படத்தை மறுபடி வரைய முயன்றார். முதல் எத்தனை சுற்றுகளை விலக்கிவிட்டுச் சராசரி எடுத்தார்கள், எத்தனை புள்ளிகளுக்கு ஒரு முறை வழவழப்பாக்கினார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. கட்டுரையிலும் இல்லை. பல வாரங்கள் போனபின், பழைய படத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஓட்டினார்கள். தரவை மட்டும் காப்பாற்றுவது பாதி வேலைதான் என்று அங்கே தெரிந்துகொண்டார்கள்.

பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் ஹன்டரைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவர் சிகாகோவில் வலிப்பு நோய் ஆராய்ச்சி செய்த நரம்பியல் ஆய்வாளர். மூளையின் மேற்பரப்பிலிருந்து எடுக்கும் மின்பதிவுகளைப் பார்க்க அவர்கள் ஆய்வகத்தில் விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. உரிமம் ஒன்றே ஒன்று. கணினியில் செருகும் ஒரு சாவிக் கருவி. அதை மாணவர்களும் மருத்துவர்களும் முறை வைத்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஹன்டர் முதலில் மேட்லேபில் மாற்று ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் தரவு பல சர்வர்களில் பல வடிவங்களில் இருந்ததால் அது மூச்சுத் திணறியது. பைத்தானுக்கு மாறினார். பைத்தானில் வரைவதற்கு அவருக்குப் பிடித்தமாதிரி எதுவும் இல்லை. தானே எழுதினார். 2003ல் அதை எல்லோருக்கும் கொடுத்தார். மாட்பிளாட்லிப் பிறந்தது அப்படி. இந்த அரங்கில் அதைப் பயன்படுத்தாதவர் இருக்க மாட்டார். 2012ல், இன்னும் இளம் வயதில், புற்றுநோயால் அவர் மறைந்தார். அதன் பிறகும் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. அவரை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் அதைப் பராமரிக்கிறார்கள்.

2016 பிப்ரவரியில் லைகோ குழு ஈர்ப்பலையைக் கண்டறிந்ததாக அறிவித்தபோது, அளவீட்டுத் தரவோடு ஒரு பைத்தான் பயிற்சி நோட்டையும் வெளியிட்டது. தரவை இறக்கி, இரைச்சலை வடிகட்டி, இரண்டு கருந்துளைகள் மோதுவதைக் கணினியில் சிமுலேட் செய்து பெற்ற அலையை அதன் மேல் பொருத்தி வரையும் வரிகள் அதில் இருந்தன. படம் போட்டது மாட்பிளாட்லிப். ஒரு கல்லூரி மாணவர் தன் மடிக்கணினியில், வீட்டிலிருந்தே, அந்தக் கோட்டைத் தானே வரைந்து பார்க்கலாம். நோபல் பரிசு வாங்கப்போகும் முடிவுக்கே படம் போடும் வரிகளை வெளியே வைக்க முடிந்ததென்றால், நம்முடையதை வைப்பதில் என்ன தடை?

சரி, எப்படிக் கொடுப்பது? ஸ்கிரிப்டை மட்டும் தனியாக அனுப்பினால் பெற்றவருக்குப் பயன் குறைவு. கூடவே ஒரு சின்ன லாக் கோப்பு, நூறு படிகளுக்கு மேல் வேண்டாம். அந்த லாக்கை உள்ளே கொடுத்தால் வர வேண்டிய படம். பெற்றவர் முதல் வேலையாக அதை ஓட்டி, தனக்கும் அதே படம் வருகிறதா என்று பார்ப்பார். முடிந்தால் நீங்களே வேறு இயங்குதளத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஹவாய்க் கதையின் நேரடிப் பாடம் அது. அப்புறம், எந்தச் சால்வர், எந்தப் பதிப்பு என்று ஸ்கிரிப்டின் தலையிலேயே எழுதுங்கள். ஓப்பன்ஃபோமில் இரண்டு முக்கியக் கிளைகள் இருக்கின்றன. லாக் எழுதும் விதம் பதிப்புக்குப் பதிப்பு சிறிது மாறும். ஒரு கிளையின் பிற்காலப் பதிப்புகளில் நேரத்தின் எண்ணோடு விநாடியைக் குறிக்கும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆக் அந்த எழுத்தைக் கண்டுகொள்ளாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். பைத்தான் எண்ணாக மாற்ற மறுத்து அங்கேயே நின்றுவிடும். பைத்தான் நிற்பது தொந்தரவு என்று தோன்றும். எனக்கு அது பிடித்த குணம். புரியாத வரியைப் பார்த்தால் கத்திவிட்டு நிற்கும்படி உங்கள் ஸ்கிரிப்டை எழுதுங்கள். ஊகித்துக்கொண்டு தொடர வைக்காதீர்கள். லாம்ப்ஸ் என்ற மூலக்கூற்று இயக்கவியல் மென்பொருளை ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்: ஒரே லாக்கில் இரண்டு ஓட்டங்கள் இருந்து, நடுவில் பத்திகளின் வரிசையை மாற்றியிருந்தால், மூன்றாவது பத்தி அழுத்தம் என்று எண்ணி எடுக்கும் ஸ்கிரிப்ட் பாதியிலிருந்து வெப்பநிலையை அழுத்தமாக வரையும். தலைப்பு வரியைப் படித்து, பெயரை வைத்துப் பத்தியைத் தேடுவதுதான் முறை.

பொதுக் கிளஸ்டரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ல் வந்த பரம் பொருள், 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள இயந்திரம். அப்படிப்பட்ட இயந்திரத்தில் உங்களுக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். முதல் மணி நேரத்திலேயே கெட்டுப்போன ஓட்டம் இரண்டு நாள் கோர்களைப் பிடித்து வைத்திருப்பது மற்றவர்களின் நேரத்தைத் தின்பது. அதனால் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் அவசியம். ஆனால் பத்துப் பேர் லாகின் நோடில் இருந்துகொண்டு, விநாடிக்கு ஒருமுறை, இரண்டு ஜிபி லாக்கை முதல் வரியிலிருந்து படித்தால் கோப்பு அமைப்பே திணறும். புதிதாகச் சேர்ந்த வரிகளை மட்டும் படியுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை போதும். இதைச் சரியாகச் செய்யும் ஒரே ஒரு ஸ்கிரிப்டைத் துறை முழுக்கப் பகிர்ந்துகொண்டால் எல்லோருக்கும் நல்லது.

பார்க்கிற ஸ்கிரிப்டையும் செயல்படுகிற ஸ்கிரிப்டையும் ஒன்றாக்காதீர்கள். ஓப்பன்ஃபோமில் கட்டுப்பாட்டுக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஓட்டம் அதுவரை கணக்கிட்டதை எழுதிவிட்டு ஒழுங்காக நின்றுவிடும். கூரான்ட் எண் எல்லை தாண்டினால் தானாக அந்தச் சொல்லை மாற்றும் ஸ்கிரிப்டை எழுதுவது எளிது, உபயோகமும்கூட. ஆனால் அதை வாங்கிய இன்னொருவருடைய சிமுலேஷனில் அந்த எல்லை இயல்பாகவே தாண்டக்கூடியதாக இருக்கலாம். படத்தைத் தவறாக வரைந்தால் திருத்தி வரையலாம். அடுத்தவருடைய மூன்று நாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டால் திரும்பக் கொடுக்க முடியாது. அதைத் தனிக் கோப்பாக, எச்சரிக்கையோடு கொடுங்கள்.

கடைசியாக, பெயர். 1955ல் லாஸ் அலமாஸில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவர் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. சுருள்வில்களால் கோத்த துகள்வரிசை ஒன்றை மேனியாக் கணினியில் சிமுலேட் செய்து, ஆற்றல் எல்லா அலைகளுக்கும் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அது பரவாமல் தொடங்கிய இடத்துக்கே ஏறக்குறைய திரும்பி வந்தது. கணினியியல் இயற்பியலின் தொடக்கப் பரிசோதனைகளில் ஒன்று. அதற்கு நிரல் எழுதி ஓட்டியவர் மேரி சிங்கூ. அறிக்கையை எழுதியவர்கள் பட்டியலில் அவர் இல்லை; அவருக்கு ஒரு நன்றிக் குறிப்பு உண்டு. 2008ல் பிரெஞ்சு இயற்பியலாளர் தியரி டோக்ஸ்வா இதை எடுத்து எழுதிய பிறகுதான் பலர் அவர் பெயரையும் சேர்த்து அந்தச் சிக்கலைச் சொல்லத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இன்று அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013லிருந்து நடத்தும் ஜெனோடோ களஞ்சியத்தில் ஸ்கிரிப்டைப் பதிவேற்றினால், கட்டுரைக்குக் கிடைப்பதுபோலவே ஒரு நிரந்தர டிஓஐ எண் கிடைக்கும், காசு இல்லை. எழுதியவர் பெயரை அங்கே போடுங்கள், முதுகலை மாணவராக இருந்தாலும் சரி, கோடை விடுமுறைக்கு வந்த பயிற்சி மாணவராக இருந்தாலும் சரி. எம்ஐடி உரிமமோ ஜிபிஎல்லோ, ஏதாவது ஒன்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். உரிமம் சொல்லாத நிரலை மற்றவர் சட்டப்படி எடுத்து மாற்றிப் பயன்படுத்த முடியாது. பிறகு அந்த டிஓஐ எண்ணை உங்கள் கட்டுரையில், எந்தச் சால்வர் என்று சொல்லும் அதே பத்தியில், மெஷ் அளவுக்கும் நேரப்படிக்கும் பக்கத்திலேயே எழுதுங்கள். வழிகாட்டிகளாக இங்கே வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை மாணவர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, அதை வரைந்த ஸ்கிரிப்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள்.